எல்.இ.டி. டெயில் லைட்டும் பின்புறத் துணைக்கருவிகளும்: அறிகுறி வழியே பிழை நீக்குதல்

மஹிந்திரா தார், பொலேரோ, ஸ்கார்பியோ, டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்ற எஸ்.யூ.வி. வாகனங்களில் பழைய பல்பு டெயில் லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பொருத்திய பிறகு தோன்றும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய விளக்கு பழுதாக இருப்பது காரணமல்ல. அந்த இடத்தில் இன்னும் 21 வாட் இழை பல்புதான் இருக்கிறது என்ற கணக்கிலேயே வாகனத்தின் மின்சுற்று இயங்கிக்கொண்டிருப்பதுதான் காரணம். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அதே வேலையைச் செய்யும் எல்.இ.டி. அதில் ஆறில் ஒரு பங்கைக்கூட இழுப்பதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்குமேல் தாமாகவே விளங்கிவிடும். மீதி, எர்த் (வண்டியின் உலோக உடல் வழியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) இணைப்பையும், ஒயர் பிரித்தெடுத்த இடத்தையும், தண்ணீரையும் சார்ந்தவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: கழற்றி வைத்த பழைய விளக்கை மீண்டும் மாட்டிப் பாருங்கள். அதனால்தான் பழைய விளக்கைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய விளக்கில் குறை மறைந்தால் சுமை (விளக்கு இழுக்கும் மின்னோட்டம்) வேறுபாட்டையோ புதிய விளக்கையோ ஆராய வேண்டும்; மறையாவிட்டால் ஒயரிங்கை ஆராய வேண்டும். கருவிகளாக ஒரு மல்டிமீட்டரும், ஹோல்டரோடு கூடிய 21 வாட் பல்பு ஒன்றும் போதும். மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். துருப்பிடித்து ஒரே ஒரு செம்பு இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். அதே ஒயரில் பல்பை மாட்டினால் அது மங்கி எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் ஏர்பேக் ஒயர்களிலும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் சிக்னல் ஒயர்களிலும் பல்பை மாட்டிச் சோதிக்கவே கூடாது. அங்கே மீட்டரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஏர்பேக் ஒயர்களை அதனாலும் தொடாமல் விடுவதே முறை.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னுகிறது

அதிகமாகக் கேட்கப்படும் குறை இதுதான். இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது விதி. ஒரு பல்பு ஃபியூஸ் ஆனால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, மின்னோட்டம் குறைந்ததும் வேகத்தை இரட்டிப்பாக்கும்படி, இண்டிகேட்டரை மின்ன வைக்கும் மின்னணு ஃபிளாஷரை வடிவமைத்திருக்கிறார்கள். எல்.இ.டி. குறைந்த மின்னோட்டத்தை இழுப்பதால், பல்பு போய்விட்டது என்றே அது எடுத்துக்கொள்கிறது. மிகப் பழைய வாகனங்களில் உள்ள வெப்பத்தால் இயங்கும் ஃபிளாஷரில் இதற்கு நேர்மாறாக இண்டிகேட்டர் மின்னாமல் நிலையாக எரிந்துகொண்டே இருக்கும்; காரணம் அதேதான்.

தனி ஃபிளாஷர் ரிலே உள்ள வாகனமாக இருந்தால் எல்.இ.டி.க்கு உரிய மின்னணு ஃபிளாஷரை அதே இடத்தில் மாட்டிவிடுவதே சிறந்த தீர்வு. வாங்கும்போது கால்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலவற்றுக்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் தேவைப்படும், அதை விட்டுவிட்டால் ஃபிளாஷர் வேலையே செய்யாது. அண்மைக் கால வாகனங்களில் தனி ரிலே கிடையாது, உடற்பகுதிக் கட்டுப்பாட்டுப் பெட்டியே மின்ன வைக்கிறது. அத்தகைய சிலவற்றில் சர்வீஸ் மையத்தின் ஸ்கேன் கருவி மூலம் பின் விளக்கின் வகையை மாற்றிப் பதிய முடியும். அதற்கு வழியில்லாதபோதுதான், பல்பைப் போலக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் சுமை ரெசிஸ்டரை நாட வேண்டும்.

ரெசிஸ்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறாகப் பொருத்தினால் தீப்பிடிக்கும் வாய்ப்புள்ள பொருள் அது. சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் 6 ஓம், 50 வாட் வகை. இயந்திரம் ஓடும்போது 13.5 வோல்ட்டில் அது 2.25 ஆம்பியர் இழுத்து 30 வாட் வெப்பத்தை வெளியிடும். இண்டிகேட்டர் பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி 15 வாட் ஆகும். ஆனாலும் ஹசார்டை (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) இயக்கிச் சாலையோரம் அரை மணி நேரம் நின்றால் அதன் மேற்பரப்பு கையால் தொட முடியாத அளவுக்குச் சுடும். எனவே அதை இண்டிகேட்டர் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே இணையாக இணைத்து, பின்பக்கத் தகட்டின் வெறும் உலோகப் பரப்பில் திருகால் இறுக்க வேண்டும். பம்பரின் பிளாஸ்டிக்கிலோ, உட்புறத் துணி உறையிலோ, ஒயர்க் கட்டின் மேலோ டேப் சுற்றி வைப்பதை எக்காரணம் கொண்டும் ஏற்கக் கூடாது. பிரேக் விளக்குச் சுற்றில் இதைப் பொருத்துவதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். நெரிசலில் பிரேக்கில் கால் வைத்தபடி நிற்கும் நேரம் முழுவதும் அங்கே 30 வாட் வெப்பம் இடைவிடாமல் எழும்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக மின்னினால் குறை ஃபிளாஷரில் இல்லை. அந்தப் பக்கத்து ஹோல்டரையோ எர்த்தையோ பாருங்கள். உள்ளிருந்து வெளியே ஓடுவதுபோல் எரியும் இண்டிகேட்டர் வாங்கியவர்கள், ஓட்டம் கடைசி வரை போகாமல் நடுவிலேயே அறுபடுகிறது என்பார்கள். வேகமாக மின்னும்போது ஒவ்வொரு முறையும் விளக்குக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிவிடுவதால்தான் அது முடிவதற்குள் அணைந்துவிடுகிறது. வேகத்தைச் சரிசெய்தால் ஓட்டமும் முழுமையாகிவிடும்.

பிரேக் அழுத்தியும் வெளிச்சம் கூடவில்லை

இதைச் சிறு குறையாக எண்ணிவிடக் கூடாது. இழை பல்பு முழு வெளிச்சத்தை எட்டச் சுமார் 0.2 வினாடி எடுக்கும், எல்.இ.டி. உடனே எரியும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 0.2 வினாடியில் பின்னால் வரும் வண்டி 5 மீட்டர் நகர்ந்திருக்கும். எல்.இ.டி.க்கு மாறுவதால் கிடைக்கும் உண்மையான நன்மை அந்த 5 மீட்டர்தான். பிரேக் வெளிச்சத்துக்கும் டெயில் வெளிச்சத்துக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் அந்த நன்மை முழுவதும் வீணாகி, பழைய நிலையைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுவோம்.

பிரேக்குக்கும் டெயிலுக்கும் சேர்த்துப் பயன்படும் இரட்டை இழை பல்பில் 21 வாட் இழைக்கு 440 லூமனும், 5 வாட் இழைக்கு 35 லூமனும் அளவாக வகுக்கப்பட்டிருக்கின்றன, அதாவது ஏறக்குறைய 12 மடங்கு வேறுபாடு. மலிவான எல்.இ.டி. பல்புகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தி, டெயில் லைட்டை எரியவிட்டு, ஒருவரைப் பிரேக் அழுத்தச் சொல்லிவிட்டு 10 மீட்டர் பின்னால் நின்று பாருங்கள். மாற்றம் உடனே தெரியாவிட்டால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒயரிங்கில் எதைச் செய்தும் அதைச் சரிசெய்ய முடியாது.

திருப்பிக் கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டிருக்கிறீர்களா என்பது. வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலமும் மஞ்சளும் மிகுதி. சிவப்புக் கண்ணாடி அவற்றைத் தடுத்துவிடுவதால் மிகச் சிறு பகுதியே வெளியே வரும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி., மஞ்சள் கண்ணாடிக்கு மஞ்சள் எல்.இ.டி. என்பதே சரி. இரண்டாவது, முழு விளக்குத் தொகுதியை மாற்றியிருந்தால் பிரேக் ஒயரும் டெயில் ஒயரும் இடம் மாறியிருக்கலாம். புதிய தொகுதியின் ஒயர் நிறங்களை நம்பாமல், வண்டியின் ஒயரில் எதை இயக்கும்போது மின்சாரம் வருகிறது என்பதைச் சோதித்துப் பார்த்து இணைக்க வேண்டும்.

பழைய தொகுதிக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுவதைவிட, எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்ட முழுத் தொகுதியை வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். பழைய தொகுதியின் பிரதிபலிப்பான், இழை நிற்கும் அந்த ஒரு புள்ளியை மையமாக வைத்துச் செய்யப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து வந்தால் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு விளக்கு இருண்டு தெரியும்.

ஒன்றை எரித்தால் இன்னொன்றும் மங்கலாக எரிகிறது

பிரேக் அழுத்தும்போது இண்டிகேட்டர் மங்கலாக ஒளிர்வது, இண்டிகேட்டர் மின்னும்போது டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பது போன்றவை எல்லாம் எர்த் சரியில்லை என்பதன் அடையாளங்கள். எர்த்துக்குத் திரும்பிப் போக வழி கிடைக்காத மின்சாரம், பக்கத்து விளக்கின் வழியாகப் புறப்பட்டுவிடுகிறது. எல்லாப் பின் விளக்குகளையும் எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் காலிலும் மற்றதை நீண்ட ஒயர் மூலம் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. ஒரு வோல்ட் காட்டினால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

பெயின்ட்டின் மேலேயே திருகை இறுக்குவதும், மெல்லிய தகட்டில் புதிதாகத் துளையிட்டுத் தானே மரை வெட்டும் திருகைப் போடுவதும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். தொழிற்சாலையிலேயே போட்ட எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்து, பளபளக்கும் உலோகம் தெரியும் வரை தேய்த்து, வளையத் தலையைப் பல்வாஷரோடு இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த இணைப்புகளைப் பச்சை பூக்க வைத்துவிடும் என்பதால் அங்கே இந்தக் கடைசி வேலையைத் தவறவிடக் கூடாது.

சாவியை எடுத்த பிறகும் மெல்லிய ஒளி தெரிகிறது

பல்பு இருக்கிறதா என்று அறியக் கட்டுப்பாட்டுப் பெட்டி சில மில்லி ஆம்பியரை அவ்வப்போதோ தொடர்ந்தோ அனுப்பிப் பார்க்கும். இழை பல்பில் அது கண்ணுக்குத் தெரியாது, எல்.இ.டி.யில் தெரிந்துவிடும். விளக்கு எரியும்போது நடுங்குவதற்கும் சில வேளைகளில் இதுவே காரணம். ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால் அந்தச் சிறு மின்னோட்டம் அதன் வழியே போய்விடும். இதில் வெப்பப் பிரச்சினை கிடையாது. செல்ஃபோனில் படம் எடுக்கும்போது மட்டும் விளக்கு விட்டுவிட்டு எரிவதுபோல் தெரிந்தால் அது குறையே அல்ல. வேகமாக அணைந்து எரிவதன் மூலம் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முறையைக் கேமரா காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு விளக்கு மட்டும் எரியவே இல்லை, அதுவும் நம்பர் பிளேட் விளக்கைப் போன்ற சிறிய, உலோகத் தலையில்லாத பல்பு என்றால் அதைப் பிடுங்கி, பக்கம் மாற்றித் திருப்பிச் செருகுங்கள். எல்.இ.டி.க்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உண்டு.

ஃபியூஸ் போகிறது, ஆட்டோமேட்டிக் கியர் நகர மறுக்கிறது

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல ஆட்டோமேட்டிக் வாகனங்களில் பிரேக்கை மிதித்தால்தான் கியர் லீவர் பார்க்கிங் நிலையிலிருந்து விடுபடும். அந்தச் செய்தி பிரேக் சுவிட்சின் சுற்றிலிருந்தே போகிறது. பின் விளக்கு வேலையின்போது ஒயர்கள் உரசி பிரேக் விளக்கு ஃபியூஸ் எரிந்துவிட்டால், கியர்பாக்ஸே பழுதானதுபோல் தோன்றும். க்ரூஸ் கன்ட்ரோல் பிடிக்க மறுப்பதும் இதே வகைதான். கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஃபியூஸ் மாட்டியவுடனே எரிந்தால், விளக்குத் தொகுதிக்கும் தகட்டுக்கும் இடையே நசுங்கிய ஒயரையோ, பம்பர் திருகு துளைத்த ஒயரையோ தேட வேண்டும். சிறிது நேரம் கழித்து எரிந்தால் சுமை மிகுந்திருக்கிறது. ரிவர்ஸ் விளக்கின் ஒயரிலிருந்தே 36 வாட் லைட் பார், கேமரா, பஸ்ஸர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது இங்கே பரவலான வழக்கம். லைட் பார் மட்டுமே 3 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 போட்டால் ஃபியூஸ் எரியாது, அதற்குப் பதிலாக ஒயர் எரியும். அதைச் செய்து கொடுக்கும் எலக்ட்ரீஷியனிடமிருந்து வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே நல்லது.

சரியான முறை ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைப்பதுதான். ரிவர்ஸ் விளக்கின் ஒயரை ரிலேயின் 86ஆம் காலுக்கும், எர்த்தை 85க்கும் கொடுங்கள். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக வரும் ஒயரை 30க்கும், துணைக்கருவிகளை 87க்கும் கொடுங்கள். ரிலே சுருளின் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி வைத்தால், சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தத் தாவல் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தாக்காது. ரிவர்ஸ் கேமராவில் கோடுகள் ஓடுவதும், படம் வந்து வந்து போவதும்கூடப் பெரும்பாலும் இந்த மாற்றத்தால் நின்றுவிடும். ஒயரைப் பிரிக்கும் இடத்தில் கவ்வும் நீலக் கிளிப்புகளைப் பயன்படுத்தாமல் சாலிடர் வைத்து, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். அந்தக் கிளிப்புகள் ஒயரின் இழைகளை வெட்டுவதோடு தண்ணீரையும் உள்ளே விடும்.

கதவு திறந்திருந்தால் எரிகிறது, மூடினால் அணைகிறது

பின்கதவுக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் ஒயர் முறிந்திருக்கிறது. தார், பொலேரோ ஆகியவற்றில் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதோடு ஸ்டெப்னியையும் சுமக்கிறது. ஃபார்ச்சூனரில் மேல்நோக்கித் திறக்கும். இரண்டிலும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் ஒரே இடத்தில் மடிகின்றன. ஸ்பாய்லர் விளக்குக்காகப் புதிதாக விறைப்பான ஒயரை அதே குழாயில் திணித்திருந்தால் முறிவு இன்னும் விரைவாக வரும். குழாயைக் கழற்றி ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். உறை மட்டும் நீளும் ஒயர்தான் உள்ளே அறுந்தது. நுண்ணிழைகள் கொண்ட மென்மையான ஒயரால் மாற்றி, ஒட்டும் இடங்களைக் குழாய்க்கு வெளியே, இரு பக்கமும் அசையாத இடத்தில் வையுங்கள்.

ரிவர்ஸ் எடுத்தவுடன் பஸ்ஸர் ஓயாமல் கத்துகிறது

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்புற பார்க்கிங் சென்சார் கட்டாயம் என்பதால், இழுவைக் கொக்கி, ஏணி, சைக்கிள் தாங்கி ஆகியவற்றைப் பொருத்தும் எவருக்கும் இந்தக் குறை வரலாம். சென்சார் மீயொலி அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. கொக்கி அதன் பார்வைக்குள் நின்றால் சுவர் என்றே கொள்ளும். கொக்கியை உள்ளே தள்ளுவது அல்லது கழற்றி மாட்டும் வகையை வாங்குவது சிறந்தது. சென்சார்களைக் கீழ்நோக்கித் திருப்புவது உதவாது, தரையே எதிரொலிக்கத் தொடங்கிவிடும். பம்பருக்குப் புதுப் பெயின்ட் அடித்த பிறகு குறை வந்திருந்தால் சென்சாரின் முகத்தில் பெயின்ட் தடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்குக்குள் ஈரம்

கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பனிப்படலம் படிந்து சில மணி நேரத்தில் மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. முன்பு பல்பின் சூடே அதை உலர்த்தியது, எல்.இ.டி. கண்ணாடியைச் சூடாக்காததால் சற்றுத் தாமதமாகிறது. துளிகள் திரண்டு அடியில் தண்ணீர் தேங்கினால்தான் கசிவு. கேஸ்கட் (விளக்கின் ஓரத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) மடிந்திருக்கிறதா, திருகுகள் ஒரே சீராக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். விளக்கின் பின்புறம் உள்ள சிறு காற்றுத் துளையைச் சிலிக்கான் பூசி அடைத்துவிடாதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வேறு வழியில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு முறை குழாய்த் தண்ணீரை அடித்துவிட்டு, பின்புறத் தரைவிரிப்பின் அடியையும் கையால் தடவிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சரியாக அமராத கேஸ்கட் வண்டிக்குள்ளும் தண்ணீரை விடும்.

எல்லாம் எரிகிறது, ஆனால் ஆய்வில் மறுக்கிறார்கள்

பழைய தொகுதியில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்று இருந்திருக்கும். விளக்கு அணைந்து சாலையோரம் நிற்கும் வண்டியை மற்றவரின் ஹெட்லைட்டில் காட்டிக்கொடுப்பது அதுதான். கறுப்புக் கண்ணாடியுடன் வரும் பல எல்.இ.டி. தொகுதிகளில் அது இருப்பதில்லை. அப்படியானால் பம்பரின் இரு பக்கமும் தனியாகப் பிரதிபலிப்பான் பொருத்துங்கள். தயாரிப்பாளரின் மூல வடிவிலிருந்து வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும், பின்னால் துடிக்கும் சிவப்பு, நீல விளக்குகளை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

பின்புற டேஷ்கேமராவோ, விளக்குப் பட்டையின் கட்டுப்பாட்டுக் கருவியோ எப்போதும் மின்சாரம் வரும் ஒயரில் இணைந்திருக்கும். கதவுகளைப் பூட்டி, மின்னணுப் பெட்டிகள் உறக்கநிலைக்குப் போக அரை மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக வைத்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மிகுந்திருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சுற்றில்தான் குறை இருக்கிறது. அதிலிருக்கும் துணைக்கருவியின் ஒயரை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.